ஆனைமுட்டிக் கரட்டில் ஒரு சிம்மாசனம்

பிப்ரவரி 9, ஞாயிறு

மின்கம்பங்களின் முன்னாள் மன்னனும் ஆனைமுட்டிக் கரடு என்னும் பாறைக்குன்றின் இந்நாள் காவலனுமாகிய சென்னியப்பன் இன்று முதல் இந்த நோட்டில் எழுதத் தொடங்குகிறான். காரணம் கோபம். வேறொன்றுமில்லை.

ஈரோட்டில் பாறு காப்பு வட்டம் நடத்துகிற ஜெரால்டுக்கு முப்பத்திரண்டு வயசு. மீசை இன்னும் முழுசாகக் கூடி வரவில்லை. அவன் போனில் என்னிடம் கேட்கிறான்: “ஐயா, வாரக் கணக்குப் படிவத்துல குறிப்புக்கு ஒரு கட்டம்தான் இருக்குது. நீங்க பின்பக்கம் பூராவும் எழுதியிருக்கீங்க. காக்கா ஒம்பதாயிரம்னு போட்டிருக்கீங்க. நெசமா எத்தனைங்க ஐயா?”

“பதினொண்ணு இருக்கும்.”

“அப்பப் பதினொண்ணுன்னே எழுதுங்க.”

முப்பத்தொரு வருஷம் லைன்மேனாக இருந்தவன் நான். குத்துமதிப்பாக ஒரு லட்சம் கம்பம் ஏறியிருப்பேன். (வீட்டுக்காரி மயிலாத்தா கணக்கில் நானூறு. பொறாமை.) என்னைப் பார்த்து ‘நெசமா’ என்று கேட்டால் ரத்தம் கொதிக்காதா? அந்தக் கொதிப்பில் ஒரு கல்யாணத்துக்குச் சோறு ஆக்கியிருக்கலாம்.

ஆகவே தீர்ப்பு: படிவத்துக்கு எண் மட்டும். மற்றதெல்லாம் இந்த நோட்டுக்கு. இங்கே நான் லட்சத்தில் பேசுவேன்.

இன்றைய எண்: பெரியது 2.

அதாவது மஞ்சள்முகப் பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகு, ஆணும் பெண்ணும். வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம், எண்ணெய் காணாத பிடரி மயிர். செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருந்த இனம். மாட்டுக்கு வலி நிற்க ஊசி போட்டார்கள். அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுகளும் செத்து விழுந்தன. இப்போது எங்கள் வட்டத்துக்குத் தெரிந்து இந்தப் பக்கம் கூடு வைப்பது இந்த ஒரே ஜோடிதான். ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கிறேன். புதன்கிழமை சாயங்காலம், போஸ்ட் ஆபீஸைப் பூட்டிவிட்டு நவமணி பார்க்கிறாள்.

வட்டத்தின் சட்டம் மூன்று. கூடு இருக்கும் இடத்தைப் பெற்ற தாயிடமும் சொல்லாதே. முந்நூறு மீட்டருக்குள் போகாதே. வந்து போன தடம் விடாதே. மூன்றையும் உயிராகக் காப்பவன் நான். கட்டிய மயிலாத்தாவே நான் பெருமாளைக் கும்பிடக் கரடு ஏறுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பெரியது 2. பழைய துணி, ஆட்டு மயிர், எவனுடையதோ கிழிந்த பனியன், எல்லாம் அலகில் தூக்கிப் போகின்றன. கூடு என்று அதற்குப் பெயர். எங்கள் தெருக் குப்பைத்தொட்டி அரண்மனை மாதிரி இருக்கும் அதன் முன்னால்.

என் முழங்கால்கள் இரண்டும் இன்று அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தன. பாறையில் நாலு மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார, ஒரு லட்சம் கம்பம் ஏறிய கால் ஒத்துழைக்குமா? ஆகவே வீட்டுப் பின்வாசலில் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, இடக்கை ஒடிந்தது, இன்று என் தலையில் ஏறிக் கரடு ஏறியது. கூட்டுக்கு நேர் எதிரே, பள்ளத்துக்கு இந்தப் பக்கம், மொட்டைப் பாறையில் நிறுவினேன். ஆடாமல் இருக்கக் காலுக்குக் கீழே இரண்டு கல் அண்டை கொடுத்தேன். உட்கார்ந்தால் கழுத்தைக்கூடத் திருப்ப வேண்டாம், கண்ணுக்கு நேரே கூடு. இந்திரனுக்கு இப்படி ஒரு இருக்கை வாய்த்திருக்காது.

ஒவ்வொரு வாரமும் தலையில் சுமக்க நான் என்ன பொதிமாடா? அங்கேயே விட்டு வந்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

“ஏனுங்க, பின்வாசல்ல கெடந்த என்ற சேரைக் காணோமுங்க” என்கிறாள் மயிலாத்தா.

“களவாணிப் பசங்க பெருத்துட்டாங்க புள்ள” என்றேன். உலகம் கெட்டுப்போனதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். அவள் முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 20, வியாழன்

ஸ்டாம்பு வாங்கப் போஸ்ட் ஆபீஸுக்குப் போனேன். நவமணி குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மாமா, மேல ஒரு சேரு கெடக்குது” என்றாள்.

“சேரு இல்ல அம்மிணி, சிம்மாசனம்.”

“செவப்பா இருக்குதுங் மாமா. அதைக் கீழ கொண்டாந்துருங்க.”

“கழுகுப் பரம்பரைக்குச் செவப்புன்னா பயமா? அது என்ன காளை மாடா?”

அவள் சிரிக்கவில்லை. முப்பத்தாறு வயசில் இந்தப் பெண்ணுக்கு எதற்கு இத்தனை கண்டிப்பு? போஸ்ட் ஆபீஸ் முத்திரையை முகத்திலும் குத்திக்கொண்டாள் போல.

பிப்ரவரி 23, ஞாயிறு

பெரியது 2. ஒன்று கூட்டில் உட்கார்ந்துவிட்டது, எழவேயில்லை. முட்டை!

ஆனால் ஆத்திரமான சேதி. என் சிம்மாசனம் கிளுவைப் புதருக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. அண்டைக் கல் இரண்டும் உருண்டு போயிருந்தன. குரங்கு. வேறு எவனுக்கு இந்தத் துணிச்சல் வரும்? இழுத்து வந்து பழைய இடத்தில் நிறுத்தினேன், முன்னிலும் உறுதியாக.

மார்ச் 9, ஞாயிறு

பெரியது 2. ஒன்று அடை காக்கிறது, ஒன்று வேட்டைக்குப் போகிறது. மத்தியானம் ஆள் மாற்றிக்கொள்கின்றன. எங்கள் மின்வாரியத்தில் ஷிப்டு இப்படி நேரத்துக்கு மாறியிருந்தால் இந்த நாடு வல்லரசாகி இருபது வருஷம் ஆகியிருக்கும்.

மூன்றாவது வாரமாக நாற்காலி புதருக்கடியில். அதே புதர். அதே கவிழ்ப்பு. மேலே நாலு தழையும் ஒடித்துப் போட்டிருக்கிறது அந்தக் குரங்கு! எனக்கும் அதற்கும் போன ஜென்மத்துப் பகை இருக்க வேண்டும். பாறைமேல் நின்று அதன் ஏழு தலைமுறையையும் ஏசினேன். கரடு முழுக்க எதிரொலித்தது. பிறகுதான் பறவைக்குத் தொந்தரவாகும் என்று நினைவு வந்து, மிச்சத்தைக் கிசுகிசுப்பாக ஏசினேன்.

மார்ச் 23, ஞாயிறு

பெரியது 2. நாற்காலி: புதர். குரங்கு: கண்ணில் சிக்கவில்லை. இந்தக் கரட்டில் குரங்கே பார்த்ததில்லை என்கிறான் ஆடு மேய்க்கிற ரங்கன். அவனுக்கு என்ன தெரியும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வெயில். இந்தப் பாறையில் தோசை ஊற்றினால் தோசை கருகும், ஊற்றினவனும் கருகுவான். பெரிய பறவை குந்தியிருக்கவில்லை. கூட்டில் நின்றுகொண்டு, சிறகை அரை விரிப்பாக விரித்துக் குடை பிடிக்கிறது. எதற்கு? கீழே எதுவோ இருக்கிறது. பைனாகுலரில் கண் வலிக்கப் பார்த்தேன். தெரியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

குஞ்சு 2.

குஞ்சு 2!

சோளப்பொரியில் கண் வைத்த மாதிரி இரண்டு தலை. ஆடிக்கொண்டு எழுந்தன, விழுந்தன, எழுந்தன. நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சல்யூட் அடித்தேன். வீட்டுக்கு வந்து மயிலாத்தாவிடம், “பெருமாள் இன்னைக்கு ரெட்டைத் தரிசனம் குடுத்தாரு” என்றேன். “வெயில்ல மண்டை காஞ்சு போச்சு” என்று மோரைக் கொடுத்தாள்.

ஜெரால்டிடம் போனில் சொன்னேன். அந்தப் பையன் தேதியையும் நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டான். பிறகு, “ஐயா, இது ஒம்பதாயிரம் மாதிரி இல்லையே?” என்றான். கோபப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. “நெசமா ரெண்டு” என்றேன்.

ஜூன் கடைசிக்குள் பறக்கும் என்கிறான். அதுவரை மத்தியான வெயிலில் அம்மாவோ அப்பாவோ குடை பிடிக்காமல் ஒரு மணி நேரம் போனாலும் குஞ்சு தாங்காது என்கிறான்.

ஏப்ரல் 19, சனி

துரோகம்!

கோயமுத்தூர் போட்டோக்காரர்கள் குழு ஒன்றில் பாறு பறக்கிற படம் வந்திருக்கிறதாம். ஜெரால்டு எனக்கு அனுப்பினான். ஊர் பேர் இல்லை. ஆனால் மூலையில் தெரிகிற பாறை எனக்குத் தெரியாதா? ஆனைமுட்டிதான். ரோட்டிலிருந்து எடுத்த படம். கூடு எங்கே என்று இன்னும் தெரியவில்லை. ஆளாளுக்குக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

உடனே விசாரணையில் இறங்கினேன். டீக்கடை வேலுச்சாமி சொன்னது: “மாமா, ரெண்டு பேருங்க. பீரங்கியாட்டம் கேமரா. வெள்ளிக்கிழமை போஸ்ட் ஆபீஸ்ல நவமணி அக்காகிட்ட ரொம்ப நேரம் பேசிட்டிருந்தாங்க. அவங்களும் கையை நீட்டி நீட்டி வழி சொன்னாங்க.”

கையை நீட்டி நீட்டி! என் காதில் யாரோ பதினோராயிரம் வோல்ட்டைச் சொருகியது போல இருந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

பெரியது 2. குஞ்சு 2. நாற்காலி: புதர்.

சாயங்காலம் ஜெரால்டுக்குக் கடிதம் எழுதினேன். ஏழு பக்கம். நவமணி செய்த துரோகத்தை வரலாற்றிலுள்ள துரோகங்களோடு வரிசையாக ஒப்பிட்டு, அவளுடையதே பெரியது என்று நிரூபித்திருக்கிறேன். இப்படி ஒரு கடிதத்தை அவள் போஸ்ட் ஆபீஸிலேயே போடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நீதி வென்றது. விசாரித்து முடிக்கிறவரை நவமணியைக் கரடு ஏற வேண்டாம் என்று ஜெரால்டு சொல்லிவிட்டான். “அவங்க ஒண்ணுமே மறுத்துப் பேசலைங்க ஐயா. சரிங்கன்னு மட்டும் சொன்னாங்க” என்றான்.

பார்த்தாயா! குற்றமுள்ளவள் என்ன பேசுவாள்?

புதன்கிழமையும் நீங்களே போக முடியுமா என்று கேட்டான். முழங்காலைக் காட்டி மறுத்தேன். போனில் முழங்கால் தெரியாதுதான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பெரியது 2. குஞ்சு 2. கொழுத்துவிட்டன. ஒன்று மற்றதன் தலையில் ஏறி நிற்கிறது.

இன்று ஓர் அதிசயம். என் சிம்மாசனம் போன வாரம் வைத்த இடத்திலேயே, வைத்த மாதிரியே, அண்டைக் கல் அசையாமல் கம்பீரமாக நிற்கிறது! இரண்டு மாசப் போரில் குரங்குச் சேனை சரணடைந்தது. ராஜநடை நடந்து போய் அமர்ந்தேன். சூடு வேட்டியைத் தாண்டித் தைத்தது. ஒரு வாரம் வெயிலில் நின்றிருக்கிறதல்லவா.

இறங்கும்போது ரோட்டிலிருந்து திரும்பிப் பார்த்தேன். மொட்டைப் பாறை உச்சியில் சிவப்பாக ஒரு பொட்டு. கரட்டுக்குத் திலகம் வைத்த மாதிரி.

மே 4, ஞாயிறு

கரடு இறங்கிய கையோடு எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

ஒன்பது மணிக்குப் பாறை ஏறினேன். பெரியது இரண்டும் வானத்தில் வட்டம் போடுகின்றன. கூட்டில் எதுவும் குடை பிடிக்கவில்லை. கூட்டுக்கு இருபது மீட்டரில், அதே பாறைத் திட்டில், இலை தழை அச்சடித்த துணியில் ஒரு சின்னக் கூடாரம். அதிலிருந்து குழாய் மாதிரி ஒரு லென்ஸ் நீட்டிக்கொண்டிருக்கிறது.

நான் கத்தினேன். ஒரு லட்சம் கம்பத்தின் உச்சியிலிருந்து கீழே நிற்கிறவனுக்குக் கேட்கக் கத்திய தொண்டை. காற்று எதிர்த்திசை. கேட்கவில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறினேன். முந்நூறு மீட்டர் சட்டத்தை முதல் தடவையாக மீறினேன். முழங்கால் இரண்டும் என்னைத் திட்டின, நான் அவற்றைத் திட்டினேன். ஐம்பது நிமிஷம். அந்த ஐம்பது நிமிஷமும் தலைக்கு மேலே அவை வட்டம் போட்டுக்கொண்டே இருந்தன, இறங்கவில்லை.

கூடாரத் துணியைப் பிடித்து இழுத்தேன். உள்ளே இரண்டு பேர். உடம்பெல்லாம் இலை போட்ட சட்டை.

“அங்கிள், அங்கிள், மெதுவா! லென்ஸ் விழுந்துரும்!”

“எவன்டா உனக்கு அங்கிள்! வெளிய வாடா! எத்தனை நேரமா இருக்கற?”

“விடிகாலைல வந்தோம். நாங்க எதையும் தொடலைங்க. பறவைகளை நேசிக்கறவங்க நாங்க.”

“நேசிக்கறயா? அதுக அங்க வேகுது! ஆத்தாளும் அப்பனும் உன்னால எறங்க முடியாம மேல சுத்தறது உன்ற கேமராவுல தெரியலையா?”

சின்னவன் லென்ஸைக் கழற்ற ஆரம்பித்தான். பெரியவன் மட்டும் சமாதானத்துக்கு வந்தான். “மன்னிச்சுக்கங்க. இவ்வளவு வெயிலுன்னு நெனைக்கலைங்க.”

“கூடு இங்கிருக்குதுன்னு சொன்னது யாரு? அந்தப் போஸ்ட் ஆபீஸ்காரிதான? சொல்லு! வாயத் தொறந்து சொல்லு!”

“அந்த மேடமா? அவங்க தாராபுரம் ரோட்டுப் பக்கம் போகச் சொன்னாங்க. ரெண்டு நாள் அங்க அலைஞ்சு ஒண்ணுமே கெடைக்கலைங்க.”

“அப்புறம் எப்படிடா வந்த?”

அவன் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினான்.

“ரோட்டுல போறப்ப மேல செவப்பா என்னமோ தெரிஞ்சுதுங்க. ஏறிப் பார்த்தா ஒரு சேரு. களைப்பா இருந்துச்சு, உக்காந்தேன். உக்காந்து நிமிர்ந்தா கண்ணுக்கு நேரா கூடு. யாரோ கல்லெல்லாம் அண்டை குடுத்துச் சரியா வெச்சிருந்தாங்க.”

அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். நானும் விலகி இறங்கினேன். மணி பத்தரை. பெரியது ஒன்று இறங்கியது.

குஞ்சு: தலை தூக்கியது 1. இன்னொன்று

மே 5, திங்கள்

ஒன்றும் எழுதவில்லை.

மே 6, செவ்வாய்

காலையிலிருந்து கோபம். யார்மேல் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த இலைச்சட்டைக்காரன்மேல். அவனுக்கு லென்ஸ் விற்றவன்மேல். கண்ணில்லாத ஆட்டுக்கார ரங்கன்மேல். இவ்வளவு பளிச்சென்று சிவப்பு நிறத்தில் நாற்காலி செய்கிற கம்பெனிக்காரன்மேல். பச்சை நிறத்தில் செய்தால் அவன் குடியா முழுகிவிடும்? அந்தக் குரங்கு இரண்டு மாசம் ஒழுங்காகப் புதருக்குள் தள்ளிக்கொண்டிருந்தது, கடைசி இரண்டு வாரம் எங்கே தொலைந்தது? அந்தக் குரங்குமேல்.

குரங்கு தழையை ஒடித்து மூடி வைக்காது.

பிப்ரவரியிலிருந்து எழுதியதையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். ஞாயிறு, ஞாயிறு, ஞாயிறு. நடுவில் புதன்.

மே 7, புதன்

கரடு ஏறி நாற்காலியை எடுத்தேன். பெரியது 2. குஞ்சு 1. கூட்டின் ஓரத்தில் வெள்ளையாகச் சின்னதாக ஒன்று கிடந்தது. அதைக் குஞ்சுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

உச்சி வெயிலில் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தேன். டீக்கடையில் ஒருவர் பாக்கியில்லாமல் பார்த்தார்கள். “என்னங் மாமா, கரட்டு மேல மாநாடா?” என்றான் வேலுச்சாமி. பதில் சொல்லவில்லை. இந்த ஊரில் நான் பதில் சொல்லாமல் போனது இதுதான் முதல் தடவையாக இருக்கும். அவன் எழுந்து நின்றுவிட்டான்.

நேரே போஸ்ட் ஆபீஸ். நவமணி கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். நாற்காலியை வாசலில் இறக்கினேன். பார்த்தாள். முத்திரை நிற்கவில்லை. டக். டக்.

“அம்மிணி, இந்தச் சேரைப் பாத்துக் கேமராக்காரன் வந்துட்டான், குஞ்சு ஒண்ணு போச்சு. இதைப் புதருக்குள்ள வெச்சது நீதானா?”

“ஒம்பது புதன்கெழமைங் மாமா.” டக். “ஒவ்வொரு வாரமும் நீங்க எடுத்து நிறுத்துனீங்க. நா எடுத்து மறைச்சேன்.”

“ஜெரால்டுகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல? படிவத்துல எழுதியிருக்கலாமல்ல?” இதையும் கத்தித்தான் கேட்டேன். கூசாமல் கத்தினேன்.

முத்திரையை வைத்துவிட்டு எழுந்தாள். அவள் குரல் உயர்ந்து அதுவரை நான் கேட்டதில்லை.

“எழுதுனா உங்களை எடுத்துருவாங்க. தடம் உடறவங்களை வெச்சுக்க மாட்டாங்கன்னு தெரியாதுங்களா? வேலையும் முடிஞ்சுது, காலும் போச்சு, ஞாயித்துக்கெழமை அந்தக் கரடுதான இருக்குது மாமாவுக்குன்னு நெனச்சேன். நா நெனச்சது தப்புங்க. நீங்க ஏழு பக்கம் எழுதுனீங்களே, நா ஒரு வரி எழுதியிருந்தா அந்தக் குஞ்சு இருந்திருக்கும். அதுக்கு நானும்தான் பொறுப்பு. போதுங்களா?”

“அம்மிணி…”

“எதையாச்சும் பெருசாச் சொல்லீராதீங்க மாமா. தயவு பண்ணி இன்னைக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. பின்னால ஆளு நிக்குது.”

பின்னால் பென்ஷன் வாங்க இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். என் வாழ்நாளில் ஆயிரம் பேர் முன்னால் பேசியிருக்கிறேன். (முப்பது பேர்.) நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மே 8, வியாழன்

படிவத்தை எடுத்து வைத்து மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். ‘தொந்தரவு: காரணம்’ என்று ஒரு கட்டம். அரை விரல் அகலம். முதலில் எழுதியது: ‘கோவைக் கயவர் கூட்டத்தின் கொடுஞ்செயல்.’ கிழித்தேன். இரண்டாவது: ‘சூழ்நிலை.’ அதையும் கிழித்தேன், அதை இன்னும் சின்னதாக. மூன்றாவதில் நவமணியின் பெயர் ஓர் ஓரத்தில் வந்தது. அவளே ஒத்துக்கொண்டாளே என்று. அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். மயிலாத்தா பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காவது:

‘சிவப்பு நாற்காலி 1. பிப்ரவரி 16 முதல் பாறையில் விட்டுவந்தவர்: சென்னியப்பன். குஞ்சு 1. இறந்தது 1. நவமணி மீது எழுதிய ஏழு பக்கமும் பொய்.’

கட்டத்துக்குள் அடங்கியது.

மே 10, சனி

ஜெரால்டு போன் செய்தான். கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தினால் நானும் கத்தலாம், இருவரும் கத்தி முடித்தபின் ஏதாவது மிச்சம் இருக்கும். அவன் மெதுவாகப் பேசினான். வனத்துறையிலிருந்து ஒருவரைக் கரட்டடியில் நிறுத்தியிருக்கிறார்களாம். நவமணி இனி ஞாயிறும் புதனும் போவாளாம்.

“உங்க பேரை எடுக்க வேண்டியதாப் போச்சுங்க ஐயா.”

“எடு. நானே எடுத்துருப்பேன்.”

“பைனாகுலரை மட்டும் குடுத்துருங்க.”

“சரி. அந்த மிச்சக் குஞ்சு எப்படி இருக்குது?”

“ஐயா… அதை வட்டத்துக்கு வெளிய சொல்றதில்லைங்களே.”

பெற்ற தாயிடமும் சொல்லாதே. இந்தச் சட்டத்தை அவனுக்கே மூன்று தடவை விளக்கிப் பேசியவன் நான். போனை வைத்துவிட்டு, உறங்கிக்கொண்டிருந்த மின்விசிறியைத் திட்டினேன், எதிர்வீட்டுக் கோழியைத் திட்டினேன், மத்தியானத்தைத் திட்டினேன்.

மே 25, ஞாயிறு

வெயில். மொட்டை மாடியில் ஏறிக் கரட்டுப் பக்கம் பார்த்தேன். ஆறு கிலோமீட்டர். வெறுங்கண்ணுக்குக் கரடு மட்டும்தான் தெரிகிறது. மாடியில் ஊற்றிய தண்ணீர் வாளியை வைப்பதற்குள் காய்ந்தது. அங்கே பாறை எப்படிக் கொதிக்கும்? குடை பிடிக்கிறதா?

ஜூன் 8, ஞாயிறு

“பெருமாள் கோயிலுக்கு இப்பெல்லாம் போறதில்லீங்களா?” என்றாள் மயிலாத்தா.

அப்போதுதான் சொன்னேன், எல்லாவற்றையும். நாற்காலியையும். கேட்டு முடித்துவிட்டு அவள் சொன்னது: “களவாணிப் பசங்கன்னு கால் மணி நேரம் பேசுனீங்க.” அவ்வளவுதான். கழுவித் துடைத்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

பறந்திருக்க வேண்டிய நாள். அல்லது பறக்காமல். போஸ்ட் ஆபீஸ் வாசல் வழியாக நாலு தடவை போனேன். ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருக்கும் என்று தெரிந்தே.

ஜூன் 28, சனி

தபால்காரர் ஓர் அஞ்சலட்டை போட்டுவிட்டுப் போனார். இந்தக் காலத்தில் அஞ்சலட்டை! முகவரி எழுதிய கையெழுத்து நவமணியுடையது. முத்திரை அழுத்திக் குத்தியிருந்தது, கோபமாகக் குத்தினால் எப்படி விழுமோ அப்படி. அன்புள்ள இல்லை, இப்படிக்கு இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. இதுவே வட்டத்தின் சட்டப்படி குற்றம்தான். ஏழு பக்கம் புகார் எழுதலாம்.

கண்ணாடி இல்லாமல் பார்த்ததால் நம்பிக்கை வரவில்லை. மயிலாத்தாவிடம் கொடுத்தேன்.

“யாருங்க இது? ஒரு நம்பரை மட்டும் எழுதிப் போட்டிருக்குது கிறுக்கு.”

“என்ன நம்பரு? நல்லாப் பாரு.”

“மூணுங்க.”

“எட்டா இருக்கப் போகுது. வெளிச்சத்துல பாரு.”

“மூணுதானுங்க. எனக்கு மூணு தெரியாதா?”

“இன்னொருக்காச் சொல்லு.”

“மூணு, மூணு, மூணு. போதுமுங்களா? இந்த வெயில்ல உங்களுக்கு என்னாச்சு?” என்று நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

உட்காரவில்லை. இந்த நோட்டில் லட்சத்தில் பேசலாம் என்று பிப்ரவரியில் தீர்ப்பு எழுதினேன்.

பெரியது 2. குஞ்சு 1.

ஆக 3.